கழற்றக்கூடிய மாலை

பென்டிரைவைச் சட்டை நுனியில் துடைத்துச் செருகிய டொமினிக், ஒரே முகத்தை இரண்டு தரம் சேமிக்கிறார். ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று வால், மற்றதற்குப் பிஎஸ்டி. வாழைச்சேனையில் வேறு எந்த ஸ்டூடியோக்காரனும் இப்படி மினக்கெட மாட்டான்.

வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள். ஒரு படம் பழுது, திறக்குதே இல்லை என்பார்கள். மனிதர் பொல்லாத கோபக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜேபிஜி எந்தக் கொம்பியூட்டரிலும் திறக்கும், பிஎஸ்டிக்குப் போட்டோஷொப் வேண்டும் என்று கடுகடுப்பார். "எல்லாத்தையும் எல்லாத்தாலயும் திறக்க ஏலாது மனே." பிஎஸ்டியின் வாலை மட்டும் ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்துவிட்டு வரும் கெட்டிக்காரர்களைக் கண்டாலோ, அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா என்ன?

யுத்தம் முடிந்த மறுவருடம் கிரானிலிருந்து புஸ்பம் வந்தாள். மகன் நிலோஜன் வன்னிக்குப் போனவன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. இனிப் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வை என்று சொந்தக்காரர் நெருக்குகிறார்களாம். டொமினிக் கொம்பியூட்டரில் அவன் படத்துக்கு மாலையைப் பொருத்தியதும், திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், பெற்ற வயிறு.

"தம்பி, அவன் வந்தானெண்டா இதக் கழட்டேலுமா?"

ஜேபிஜியில் ஏலாது, மாலை முகத்தோடு ஒட்டிவிடும் என்றார் டொமினிக். பிறகு மற்றதைத் திறந்து, மாலையை எடுத்தும் போட்டும் காட்டினார்.

"இதுல மால வேற, முகம் வேற. எப்ப வந்தாலும் கழட்டலாம் அக்கா."

அச்சடித்த படத்தைச் சொந்தக்காரருக்கென்று பையில் போட்டாள். டொமினிக் கொடுத்த பென்டிரைவை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. கரண்டும் இன்னும் வரவில்லை.

டொமினிக்கின் மனைவி அஞ்சலாவைக் கல்குடாவில் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவேயில்லை. யேசு பிறந்த ஒவ்வொரு நத்தாருக்கும் மறுநாள், சுனாமி வந்த அந்த நாளில், செத்தவர்களுக்கான பூசையில் வைக்க மாதா கோவிலில் அவள் படத்தைக் கேட்பார்கள். அவரும் கடையைத் திறந்து, அஞ்சலாவின் பிஎஸ்டியைத் திறந்து, மாலையைப் போட்டுப் பார்ப்பார். ஜேபிஜி ஆக்கி அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. கண்ணாடி மங்கும்; துடைப்பார்; மறுபடி மங்கும்.

இந்த வருடமும் கோவில் மணி அடித்து ஓய்ந்தது. டொமினிக் மாலையைக் கழற்றிவிட்டு, பிஎஸ்டியாகவே சேமித்தார்.