வக்கீலை மறித்த செயலாளர்

பல்செட்காரர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், ஆண்டுக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதுதான். அவர் நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கு என்று புரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார். ஏகமனதாக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இல்லாத ஆளின் தலையில் வேலையைக் கட்டுவது அங்கே வழக்கம்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாயின் அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவார். முன்பல்லில் ஒன்றை மட்டும் மயிரிழை சாய்த்து வைப்பார். வரிசை பிசகாமல் இருந்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பார். மொட்டைமாடியில் சும்மா கிடந்த அறையில்தான் இந்த வேலை. அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான அறை. சங்கத் தலைவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "பாத்து வெச்சுக்குங்க" என்று சாவியைக் கொடுத்திருந்தார். பொதுச் சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நன்றியை மட்டும் தனக்கென்று வாங்கிக்கொள்ளும் ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு. வாங்கிக்கொண்டவர் வாய் திறக்க மாட்டார் என்பதுதான் அவர்கள் கணக்கு.

தரைத்தளத்தில் சொந்த வீட்டில் குடியிருந்தவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கணவர் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து விழுந்ததில் வலப்பக்கமும் முன்பற்களும் போய்விட்டன. பற்களைச் செய்து கொடுத்தவர் நம்மாள்தான். சக்கர நாற்காலி இறங்குவதற்காக, பழைய கமிட்டியிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு, வாசல் படிக்கட்டின் ஒரு பாதியில் அவள் சிமெண்ட் சரிவு போட்டிருந்தாள். தினமும் காலையில் அதில் அவரை இறக்கி, தெருமுனை பிசியோதெரபி நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். உயிரில்லாமல் தொங்கிய கையில் விரல்கள் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன.

தலைவர் புதிதாக ஒரு பெரிய கார் வாங்கினார். சரிவின் வால், கார் திரும்பும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பொது இடத்தில் தனியார் கட்டுமானம் கூடாது என்று அவருக்கு அன்றைக்குத்தான் ஞானம் பிறந்தது. சரிவின் குறுக்கே இரண்டு கம்பம் நட்டு, சங்கிலி போட்டுப் பூட்டினார். பொதுக்கூட்டம் முடிவு செய்யும்வரை என்றார். கூட்டத்தை எப்போது கூட்டுவது என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

கேஸ் போடுவேன் என்றாள் அவள். அடுக்குமாடிச் சொத்து, சங்கத் தகராறு என்றால் எல்லோரும் தேடிப்போவது ஒரு வக்கீலம்மாவைத்தான். இல்லாதவர்களிடம் அவர் கட்டணத்தை அழுத்திக் கேட்க மாட்டார். அவளும் அங்கேதான் போவாள் என்று தலைவருக்குத் தெரியும். பல்செட்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"நாளைக்கே போய் அந்தம்மாவப் பாத்துடுங்க. சங்கத்து சார்பா வந்திருக்கேன்னு சொல்லி எல்லாத்தையும் பேசுங்க."

"என்ன சார் கேக்கறது?"

"என்ன வேணா கேளுங்க. நம்ம பக்கத்து விஷயம் காதுல விழுந்துட்டா, அப்புறம் அவங்க எதிர்ப்பக்கம் நிக்க முடியாது. அது அவங்க தொழில் தர்மம். புரியுதா?"

புரிந்தது. காபி ஆறுவதற்குள் நன்றாகவே புரிந்தது. இருந்தும் போனார்.

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். சரிவின் அகலம், மற்றவர்கள் நடக்க எவ்வளவு இடம் மிச்சம், பழைய கமிட்டி என்ன சொன்னது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது நிக்காது. முடியாத மனுஷன் வெளிய போற வழிய அடைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்ல. இன்னிக்கே சங்கிலிய எடுங்க" என்றார். பல்செட்காரருக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. நேராகத் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் சிரித்தார். யோசனை கேட்கவா உங்களை அனுப்பினேன், போன வேலை முடிந்தது, வெளியே மூச்சு விடாதீர்கள் என்றார்.

சில நாள் கழித்து அவள் மொட்டைமாடிக்கு ஏறி வந்தாள்.

"அண்ணே, வக்கீலம்மா என் வீட்டு விலாசத்தச் சொன்னதுமே முடியாதுன்னுட்டாங்க. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. கட்டின பொடவை சரியில்லயோ என்னவோ. நாலு பேர் பொடவைக்கு மடிப்பு எடுக்கறேன், எனக்கு எடுக்க மறந்துட்டேன்." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாண்ணே? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கையில் மெழுகு இருந்தது. "தெரியலம்மா" என்றார்.

அவள் வேறொரு வக்கீலைப் பிடித்தாள். பத்திரப்பதிவு தவிர எதுவும் அறியாதவர். சமாதானமாகப் போங்கள், சரிவை இடித்துவிட்டுப் பலகை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் இழுத்தடித்தார். நாற்காலியோடு கணவரைத் தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டார் உதவினார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பயிற்சி நின்றது.

கணவரின் பல்செட் உறுத்துகிறது என்று அவள் கூப்பிட, இவர் இறங்கிப் போனார். இவர் விரல் வாயருகே தயங்க, ஓட்டுநர் நாக்குழற, "கடிச்சிடுவேன்னு பயமா? பல்லே உங்களுதுதானே" என்றார். வெகுநாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து கணவருக்கும் உற்சாகம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. பல்லை அரத்தால் தேய்த்துத் திரும்பப் பொருத்திவிட்டு எழுந்தார்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போனார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு எதுக்கு வந்தீங்கன்னு, உங்க கீழ்வீட்டம்மா வந்து நின்னப்பவே புரிஞ்சுபோச்சு. என் வாயையும் சேத்துக் கட்டிட்டீங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்மா?"

"எனக்குக் கட்டணம் குடுத்தது யாரு?"

"சங்கம்."

"சங்கம்னா? அவங்களும் வீட்டுச் சொந்தக்காரிதானே? மாசாமாசம் சந்தா கட்டறவங்கதானே? நான் சொன்ன யோசனை உங்க தலைவர் வீட்டுச் சொத்தா?"

இவ்வளவு சின்ன விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர் வழியெல்லாம் யோசித்தார். தோன்றியிருந்தால் அறைச் சாவி போயிருக்கும். அதனால் தோன்றவில்லை.

ஒருவழியாகக் கூட்டம் கூடியது. சரிவை இடிக்கும் தீர்மானத்தைத் தலைவர் வாசித்து முடித்ததும் பல்செட்காரர் எழுந்தார். வக்கீலம்மா சொன்னது, தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்பது, அவள் வந்து கேட்டபோது தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். சங்கத்து ரகசியத்தை அம்பலப்படுத்துகிறார் என்று தலைவர் கத்தினார். மூன்றாம் மாடி அம்மாள் குறுக்கிட்டார்.

"எங்க பணத்துல கேட்ட யோசனைய எங்களுக்கே ஒளிச்சு வெச்சீங்களா? கேஸ் தோத்தா செலவு யார் தலைல விழும்?"

அதன் பிறகுதான் கூட்டம் சூடானது. ஒரு மனிதன் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறான் என்று அங்கே யாரும் கொதிக்கவில்லை. தங்கள் பங்குக்கு எவ்வளவு வரும் என்று கொதித்தார்கள். எப்படியோ சங்கிலி கழன்றது. அறைச் சாவியைத் தலைவர் அந்த இடத்திலேயே கை நீட்டிக் கேட்டார். பல்செட்காரர் கொடுத்தார்.

சந்துக்குள் ஒரு சின்ன இடம் பிடித்து அவர் தொழிலைத் தொடர்ந்தார். குடியிருப்பில் சிலர் அவரைத் தியாகி என்றார்கள். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "ரூம விட்டதுக்கே தியாகின்னா, அந்தக் கீழ்வீட்டுப் புள்ள விட்டதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இறுகிய விரல்கள் இனி முழுதாகத் திறக்குமா என்று சொல்ல முடியாது என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் அவள் சந்துக் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"வெளியூர்ல ஒரு வக்கீல் கெடச்சிருக்காரு. சங்கிலி போட்டு அடைச்சதுக்கு நஷ்டஈடு கேட்டு கேஸ் போடறேன். தலைவர் மேல, உங்க மேலயும்."

"போடணும்மா."

"நடந்தத வந்து சொல்லுவீங்களா?"

"வரேன்."

இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால். வக்கீல் இளைஞர். பல்செட்காரர் தலைவர் வீட்டுக் காபியிலிருந்து தொடங்கினார். மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு "தெரியல" என்று சொன்ன இடத்துக்கு வந்ததும் வக்கீல் நிறுத்தினார்.

"சார், நீங்க இந்தக் கேஸ்ல எதிர்த்தரப்பு. இதெல்லாம் உங்களுக்கே எதிராப் போகும். நீங்க தனியா ஒரு வக்கீல் வெச்சுக்கிட்டுப் பேசறது நல்லது."

பல்செட்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அவரு சொல்லட்டும் சார்" என்றாள். "நீங்க எழுதிக்குங்க."