சுடுதண்ணீர் அலுமாரியில் ஒரு சிலி ரோஸ்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அக்கா, பிறந்து முப்பத்தொரு நாளான அவளுடைய மகள், அம்மா, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்க வந்த ஐயர். இல்லாதவர்கள் இரண்டு பேர். அத்தானுக்கு ஓக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. சனிக்கிழமைதான் கம்பளம் கழுவுகிற நாள் என்பதால் லீவு கிடைக்கவில்லை. நான் சனிக்கிழமைகளில் வேலை செய்யும் செல்லப்பிராணிக் கடையில் நின்றேன். அதனால் நடந்ததில் பாதி எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

கடை ஒனிஹங்கா பிரதான தெருவில் இருந்தது. முன்னால் தங்கமீன், கிளி, முயல். பின்சுவரில், கடைக்காரர் மட்டும் கை வைக்கும் தட்டில், டரன்டுலாக்கள். ஊரில் புலிமுகச் சிலந்தி என்போமே, அந்தக் குடும்பம். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதல் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் வரும். அத்தான் நாலாம் வகுப்போடு நிறுத்தியவர். வீட்டு வாடகைப் பத்திரமோ தடுப்பூசித் துண்டோ எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

நான் கடையில் சேர்ந்தபோது அந்தத் தட்டில் இருந்தவை பெரும்பாலும் மெக்சிகோவின் செம்முழங்கால் இனம். கறுத்த உடம்பு, மூட்டு மூட்டாகச் செம்மஞ்சள். படங்களில் வருவது அதுதான் என்பதால் வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் காட்டில் அது குறைந்துபோய்விட்டது. நாடுவிட்டு நாடு அனுப்ப அனுமதிப் பத்திரம் கேட்கத் தொடங்கியதும் வரத்து மெல்ல நின்றது. அந்த இடத்தைச் சிலி ரோஸ் என்ற இனம் பிடித்தது. முதல் பார்வைக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மயிர்ப்பந்து. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் முதுகில் இளஞ்சிவப்பு மினுங்கும். மலிவு, சாது. மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் இருக்கும். வாங்கிப் போனவர்கள் நோய் என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். "நோயில்லை, பசியில்லை," என்று சொல்லிக் கடைக்காரர் அனுப்பிவிடுவார். எந்த இனத்தை மக்கள் விரும்பி வளர்க்கிறார்கள் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். நான் கண்ட அளவில், எது பெட்டியில் வந்து இறங்குகிறதோ அதைத்தான் விரும்பினார்கள்.

பிறகு சிலி ரோஸ் வருவதும் சந்தேகமானது. வெளியிலிருந்து உயிரினங்கள் கொண்டுவருவதற்குச் சட்டம் இறுகப்போகிறது என்று கடைக்காரர் சொன்னார். இனி இங்கே குஞ்சு பொரிப்பதுதான் சரக்கு, வெலிங்டன் வரைக்கும் கடைகள் கேட்கும் என்றார். நான் அதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தியாகச் சொன்னேன். அத்தான் பிட்டைக் குழைப்பதை நிறுத்தினார்.

"தம்பி, ஒண்டு எத்தினை முட்டை இடும்?"

"நூறுக்கு மேல. சிலவேளை முன்னூறு."

"குஞ்சை அவன் வாங்குவானே?"

"வாங்குவார். ஆனா இடுறது நிச்சயமில்லை அத்தான். இட்டாலும் தாய் குழம்பினா முட்டையைத் தானே தின்னும்."

"நிச்சயமான அலுவல் எதடா எங்களுக்கு நடந்தது?" என்றார் அத்தான்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் குளிர்காலத்தில் சுவரில் தண்ணீர் வடியும். ஜன்னல் ஓரமெல்லாம் பூஞ்சணம். அக்காவுக்கு அப்போது மூன்று மாதம். பிள்ளையை அந்த ஈரத்தில் வளர்க்கக்கூடாது என்று அவர் தகனினியில் ஒரு புதுவீடு பார்த்து வைத்திருந்தார். வீட்டைப் பிடித்துவைக்க முற்பணமும் கட்டிவிட்டார். மோர்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, வங்கி கேட்ட கைத்தொகையில் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்தைச் சிலந்தி தரும் என்று நம்பினார்.

பெண் சிலந்தியைக் காசு கொடுத்து வாங்கினோம். ஆணைக் கடைக்காரர் இரவலாகத் தந்தார். குஞ்சில் பாதி அவருக்கு என்று பேச்சு. இரண்டையும் ஒரு பெட்டியில் விட்ட அன்று அம்மா வாசலில் நின்று பார்த்தா.

"சாதகம் பாத்தனியளே?"

"பாத்தாச்சு மாமி. பெடியனுக்குச் செவ்வாய் தோசம். கலியாணம் முடிஞ்ச கையோட பொம்பிளை ஆளைத் தின்னப் பாக்கும்," என்றார் அத்தான்.

"அப்ப எங்கட குடும்பத்துப் பொம்பிளைதான்," என்றாள் அக்கா.

ஆண் உயிரோடு தப்பியது. கடைக்குத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலுமாரி. குளித்துத் துடைக்கும் துவாய் அடுக்கிய தட்டுக்கு மேலே பெண் சிலந்தியின் பெட்டியை வைத்தோம். மாதங்கள் போயின. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில நாள் முன்னர் அது தேசிக்காய் அளவில் ஒரு வெள்ளை முட்டைப்பந்தைச் செய்து காலுக்கடியில் அணைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கக்கூடாது, தட்டக்கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாது என்று எல்லோருக்கும் சொன்னேன். துவாயெல்லாம் வேறு அறைக்குப் போனது. அத்தான் வேலைக்குப் போகுமுன் மூடிய கதவின் முன்னால் கொஞ்சம் நிற்பார். அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை.

முப்பத்தொன்றுக்கு வந்த ஐயர் தமிழ்நாட்டுக்காரர். கிழமை நாட்களில் கணக்காளர், சனி ஞாயிறில் ஐயர். மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவர் அம்மாவிடம், "எல்லா ரூமும் காட்டுங்கம்மா, ஒரு மூலையும் விடாதீங்க," என்று சொல்லியிருக்கிறார். அம்மா சாம்பிராணித் தட்டோடு பின்னால் போயிருக்கிறா. அலுமாரிக்கு முன்னால் வந்ததும் நின்று யோசித்தாவாம். பிள்ளைப்பேறு நடந்த வீட்டில்தான் துடக்கு. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதும் பேறுதானே; அதை மட்டும் கழிக்காமல் விட்டால் துடக்கு வீட்டிலேயே நிற்கும் அல்லவா. தட்டக்கூடாது என்று நான் சொன்னது நினைவிருந்ததால் கதவை மெதுவாகத் திறந்து, பெட்டியைத் தொடாமல், புகைகிற தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, மெதுவாகவே மூடினா. ஐயர் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பி வருமட்டும் புகை உள்ளே நின்றது.

அக்கா கடைக்குப் போன் எடுத்தாள். "தம்பி, அது பந்தைக் கிழிச்சுக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்ய?"

"கதவைத் திறந்து விடுங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

கடைக்காரரிடம் சொன்னேன். தொப்பியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். "போய்ப் பார்," என்றார்.

நான் போனபோது அலுமாரியில் இன்னும் சாம்பிராணி மணந்தது. சிலந்தி மூலையில் உயிரோடு இருந்தது. முட்டைப்பை நசிந்து ஈரமாய் அதன் வாயில். ஐயர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டுக்கால் பூச்சிக்குமா தீட்டுன்னு நான் கேட்டேன் தம்பி," என்றார். "அம்மா ஆமான்னாங்க. சாஸ்திரத்துல இருக்கான்னு எனக்கும் தெரியலை."

அம்மா குசினியில் பாத்திரம் கழுவினா. நான் உள்ளே வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. "நான் அதுக்கும் சேத்துத்தான் செய்தனான்," என்று மட்டும் சொன்னா. அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவ அந்தச் சிலந்தியைத் தள்ளிவைக்காமல் வீட்டு உயிர்களில் ஒன்றாக எண்ணியது அதுதான் முதல் தடவை. பெட்டி அலுமாரிக்குப் போன நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கமாட்டா.

அத்தான் பின்னேரம் வந்தார். மகளைத் தூக்கிப் பார்த்தார், நெற்றியில் விபூதி வைத்திருந்தது. பிறகு அலுமாரியைத் திறந்தார்.

"மிச்சம் ஏதும் பொரிக்குமே?"

"இல்லை அத்தான்."

"திரும்ப இடுமே?"

"அது இனித் தோல் கழட்டும். கழட்டினா உள்ளுக்குச் சேத்து வைச்ச விந்தும் தோலோட போயிடும். திரும்ப ஆண் வேணும்." கடைக்காரரின் ஆண் ஏற்கெனவே செத்துவிட்டிருந்தது, வளர்ந்த ஆண்களுக்கு ஆயுள் அவ்வளவுதான். வேறு ஆண் ஓக்லாந்தில் எங்கும் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. அத்தான் திரும்பிப் பார்த்து, "துடக்குப் போயிட்டுது தானே மாமி, தேத்தண்ணி போடுங்கோ," என்றார். அம்மா போட்டா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப்பற்றி யாரும் யாரையும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தகனினி வீட்டுக்கு வங்கி தந்த தவணை தாண்டியது. முற்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வரியை நான்தான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன். "எத்தினையாம் வரி?" என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தையும் அடுத்ததையும் பிள்ளை அதே ஈரச் சுவருக்குள் இருமிக் கழித்தாள். சட்டம் இறுகிய பின் சிலி ரோஸுக்கு விலை ஏறியிருந்ததால், கடைக்காரர் எங்கள் சிலந்தியை நாங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொண்டார். கிடைத்த அந்தக் கூடுதலைக் கழித்து, பெட்டியையும் தீனிக்கு வாங்கிய வெட்டுக்கிளிகளையும் கூட்டி, முற்பணத்தையும் சேர்த்து, ஐயரின் தட்சணையைச் சேர்க்காமல், அக்காவுக்கும் அத்தானுக்கும் நட்டமானது ஐந்நூற்றுப் பதினைந்து டொலர்.