சாமியின் கண்ணைக் கட்டியவர்

பாறசாலைப் பக்கத்தில் ஒரு பாறைக் கோயிலின் பூசாரி அவர். ஒடிசலான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. நேர்ச்சைக் கோழியை அறுக்கும் முன் அந்தத் துண்டால் சாமி சிலையின் கண்களைக் கட்டுவார்.

சிலை ஒரு சமணத் துறவியுடையது. சரித்திர வாத்தியாரான நான் வகுப்பில் நடத்துவதை அவரிடமும் ஒப்பித்தேன்.

“பண்டு யாகத்துல உயிரையெல்லாம் கொன்னு குவிச்சாவ. அது வேண்டாம்னுதானே சமணமும் பௌத்தமும் வந்தது. இவருக்கா கோழி?”

“தெரியும் சாரே. நாஞ் சொன்னா ஆரு கேக்கா? அதுக்காக்கும் கண்ணக் கெட்டுதேன்.”

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த மறுநாள் போனேன். கோழி எதுவும் வந்திருக்கவில்லை. ஆனாலும் சிலையின் கண்கள் கட்டப்பட்டிருந்தன.

அதன்பிறகு அந்தத் துண்டு சிலையின் கண்ணைவிட்டு அவர் தோளுக்குத் திரும்பியதை நான் பார்க்கவே இல்லை.