மூன்றாவது கிலோமீட்டரில் மூன்று கற்கள்

நம்பாவிட்டால் போகட்டும். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கற்களைத் தூக்கியவன் நான். 1996 பிப்ரவரி. தச்சநல்லூருக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்த புறவழிச்சாலையில் நான் மேற்பார்வையாளன். மூன்றாவது கிலோமீட்டரில் பத்து நாளாகச் சாயங்காலமானால் மூன்று கற்கள் நடுரோட்டில் கிடந்தன. தலையளவுக் கருங்கல். ஆட்களை விட்டு ஓடையில் போடச் சொல்வேன். மறுநாளும் அதே இடத்தில், அதே மூன்று. யார் வைக்கிறார்கள்? பிடிபடவில்லை.

லாரி பழுதாகி நின்றால் பின்னால் முப்பதடி தள்ளிக் கல் வைப்பது நம் ஊர் வழக்கம். வருகிறவன் பார்த்து ஒதுங்குவான். சரிதான். ஆனால் லாரி கிளம்பிவிடும், கல் கிடக்கும். அந்தியில் புதுத் தாரும் கருங்கல்லும் ஒரே நிறம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு நொடியில் முப்பத்தாறு அடி கடப்பான். கண்ணில் பட்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் கல்மேல் இருப்பான். வெள்ளிக்கிழமை சாலைத் திறப்பு. இது நிற்காவிட்டால் முதல் வாரமே ஒரு உயிர் போகும்.

புதன்கிழமை நானும் ரோடுரோலர் ஓட்டும் சங்கிலிபூதத்தானும் காவலுக்கு நின்றோம்.

“எந்தக் களவாணிப்பய வைக்கான்னு பாத்துருவோம் அண்ணாச்சி. சிக்குனாம்னா ரோலருக்கு அடியில விட்டுருதேன்.”

“பெறவு ரோட்ட யாருலே கழுவ?”

சிரித்தான். அன்று அவன் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மணி 6.38. தூரத்தில் மொபெட் சத்தம். டுப்... டுப்... டுப்... விளக்கு இல்லை. வண்டியும் இல்லை. சத்தம் மட்டும் நெருங்கியது.

6.40. ‘டங்’!

அவ்வளவுதான். சத்தம் நின்றது. வெறும் ரோட்டில் மூன்று கற்கள்.

சங்கிலிபூதத்தான் பாய்ந்து ஒன்றைப் பற்றினான். அலறினான்.

“விரலு... அண்ணாச்சி, விரல நசுக்குது!”

கல்லின் மேல் யாரோ ஏறி நின்று மிதிப்பதுபோல்... கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

கர்ர்ர்ர்... கற்கள் நகர்ந்தன. என்னை நோக்கி.

பின்வாங்கினேன். வந்தன. நின்றேன். நின்றன.

முதல் கல் என் செருப்பைத் தொட்டது.

தூக்கினேன். சூடு. உடம்புச் சூடு.

ஓடையில் போட்டேன். ஒன்று... இரண்டு... மூன்று...

பிடரியில் ஒரு மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

வியாழக்கிழமை கல் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

சனிக்கிழமை மேலப்பாளையத்திலிருந்து சுஹைல் என்றொருவர் வந்து அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

“எங்கூடப் பொறந்த காக்கா தாஜ் முகம்மது இங்கனதான் கல்லுல மோதி விழுந்தாக அண்ணாச்சி. குறுக்கு வழின்னு மொபெட்டுல வந்தாக. வழியில வந்தவுக யாரோ அன்னைக்கு ராத்திரியே தூக்கிட்டுப் போயிட்டாக. ஜனவரி இருபத்திநாலு. கைக்கடியாரம் ஆறு நாப்பதுல நின்னுபோச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில மவுத்து. எந்தப் பாவி வச்ச கல்லோ...”

கொட்டகைக்குப் போய் வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஜனவரி 24. என் கையெழுத்து.

‘மூன்றாவது கி.மீ.யில் டிப்பர் லாரி பஞ்சர். பின்னால் மூன்று கல் வைத்தேன். 6.25க்கு வண்டி கிளம்பியது.’

கல்லை எடுத்ததாக எழுதவில்லை. எடுக்கவில்லை.

ஆட்கள் எடுத்தபோதெல்லாம் திரும்பி வந்தவை, நான் எடுத்ததும் ஏன் வரவில்லை என்று அப்போது தெரிந்தது. கல்லை வைத்தவன்தான் எடுக்க வேண்டும். தன் கையால், எண்ணி, வண்டி கிளம்பும் முன்பே.