பத்து நிமிடம் ஓடவிட்ட தண்ணீர்

பதினொரு ஆண்டுகளில் அவர் நிரப்பிய பாட்டில்கள் ஒன்பதாயிரத்துக்குக் குறையாது. ஒன்றில்கூடத் தண்ணீர் பரிசோதனையில் தேறாமல் போனதில்லை. குடிநீர் வாரியத்துக்காக வீடுவீடாகப் போய் மாதிரி எடுப்பது வேலை. தெருவில் பெயர் பாட்டிலக்கா. குழாயைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், பிறகுதான் பாட்டிலை நீட்ட வேண்டும். சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்த முறை. சுத்தத்துக்காக என்றே அவரும் நம்பினார்.

அவருடைய நாலு வயது மகள் பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தொலைக்கத் தொடங்கினாள். ரத்தத்தில் ஈயம் என்றது பரிசோதனை.

“வீட்டுக் குழாய் பழசா?” என்று கேட்டார் மருத்துவர்.

“தெருவே பழசுதான் டாக்டர். ஆனா நல்ல தண்ணி. நானேதான் டெஸ்டுக்கு எடுக்கறேன்.”

எப்படி என்று கேட்டார். இவர் சொன்னார். மருத்துவர் பேனாவை மூடிவைத்தார்.

“ராத்திரி பூரா ஈயக் குழாய்ல நின்ன தண்ணியக் கொட்டிட்டுப் புடிச்சா என்னம்மா தெரியும்? காலையில உங்க பொண்ணு குடிக்கறது அந்த மொத டம்ளர்தானே?”

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அலுவலகம்.

“தெரிஞ்சேதான் சொல்லிக்கொடுத்தீங்களா சார்?”

மேற்பார்வையாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மேல இருந்து வந்த முறை. ஏம்மா வம்ப விலைக்கு வாங்கற? வேலையப் பாரு.”

“இத்தன நாளும் வேலையத்தான் பாத்தேன். எம்பொண்ணு இப்ப ‘அம்மா’ன்னு கூப்பிடவே யோசிக்கறா.”

தண்ணீர் சரியில்லை என்று தெருக்காரர்கள் ஏற்கெனவே வாரியத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். வாரியத்தின் கேடயமே இவர் எடுத்த மாதிரிகளின் அறிக்கைகள்தான். அவை நின்றால் வழக்கு விழும். சாட்சி சொல்கிறேன் என்று போனவரைப் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்தினாள். “எங்க வீட்டுக் குழாயிலயும் நீதானே புடிச்ச? எம்புள்ளைக்கு யாருடி பதில் சொல்றது?”

நீதிமன்றத்தில் வாரிய வக்கீல் காகிதக் கட்டை ஆட்டிக் காட்டினார். “எல்லாம் உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க. பாட்டில் ரொம்பினதுக்குப் போட்ட கையெழுத்து. தண்ணி நல்லதுன்னு நான் எங்கயும் எழுதல. எழுதினவரு பின்னாடி உக்காந்திருக்காரு, எந்திரிக்கச் சொல்லுங்க.”

மேற்பார்வையாளர் கைக்குட்டையைத் தேடினார். மறுவாரமே இவருக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. காரணம்: ஒழுங்கீனம்.

நூற்றிருபது வீடுகளில், காலையில் யாரும் குழாயைத் தொடுமுன், முதல் தண்ணீரையே பிடிக்கச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம். வரும் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வெளியூர் ஆய்வகத்து ஆட்கள் வருகிறார்கள்.