கொலருக்குள் மூன்று புள்ளி

போன ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ட்ராமுக்குக் காத்து நின்றேன். பின்னால் ஒரு குரல்: “ஐயா, இவர்தான் என்ட மனுசன்!”

திரும்பினால் திரேசம்மா. இடியப்பம் அவித்து வீடு வீடாக விற்கிறவ. பக்கத்தில் அவ புருஷன் சூசை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். செய்யாத களவுக்கு எட்டு மாதம் மறியலில், கம்பிக்குள் இருந்துவிட்டு, அப்பீலில் விடுதலையாகி வந்திருந்தான்.

கதையைச் சொல்லத்தானே வேண்டும்?

ஒரு புடவைக் கடையில் களவு. உடைத்த ஜன்னலில் ஒரு சட்டை சிக்கிக் கிடந்தது. “சூசையின்ட மாதிரி இருக்கு” என்றான் கடைக் காவற்காரன். கோட்டில், நீதிபதி முன்னால், சூசைக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். அளவு சரி. அளவு சரியென்றால் ஆளும் சரிதானே! இரண்டு வருஷச் சிறை...

திரேசம்மா என்னிடம் ஓடி வந்தபோது என்ன சொன்னேன் தெரியுமா? “தீர்ப்புச் சொல்லியாச்சு, இனி ஒண்டும் செய்யேலாது.” பேப்பரில் எழுதுகிறவன் அல்லவா, எல்லாம் தெரியும்!

அவ விடவில்லை. மூன்று நாள் வாசலில் வந்து நின்றா. தொல்லை தாங்காமல் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் இளம் லோயரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனிதர், பீஸ் கேட்கவில்லை. முத்திரைச் செலவை இடியப்பம் உழைத்தது.

சட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. லோயரும் நானும் கிழிசலைப் பார்த்தோம், பொத்தானைப் பார்த்தோம். திரேசம்மா கொலரைப் புரட்டினா. கறுப்பு மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. டோபிக் குறி!

“ஐயா, எங்கட உடுப்பெல்லாம் நான்தானே தோய்க்கிறது. டோபிக்குப் போட எங்களுக்கு வசதி ஏது?”

லோயர், நான், எங்கள் இருவர் கொலரிலும் டோபிக் குறி இருந்தது. தினமும் போடுகிறோம். ஆனாலும் கண்ணில் படவில்லையே!

வெறும் சொல்லை நீதிபதி நம்புவாரா? ஒவ்வொரு வீட்டுக்கும் டோபி ஒவ்வொரு குறி போடுவார். அந்தக் குறியைத் தாளில் வரைந்துகொண்டு, இடியப்பக் கூடையோடு டோபி டோபியாக அலைந்தா திரேசம்மா. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல்! கடைசியில் களனி கங்கை ஆற்றுக்கு அப்பால், வத்தளையில் ஒரு டோபிக்குத் தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. குறி அவர் போட்டது. சட்டை... அந்தக் காவற்காரனுடைய மச்சானின் சட்டை!

“கோட்டில வந்து சொல்லுவீங்களா அண்ணே?”

“நான் உடுப்பு எடுக்கிற தெரு முழுக்க அவங்கட சொந்தக்காரர். பிறகு ஒருத்தரும் எனக்கு உடுப்புத் தரமாட்டாங்க.” கொஞ்சம் யோசித்தார். “பரவாயில்ல தங்கச்சி, வாறன்.”

வந்தார். சொன்னார். தீர்ப்புப் புரண்டது. அவர் சொன்னபடியே தெருவும் உடுப்பை நிறுத்தியது. இந்த இரண்டு பேரையும் நினைத்தால், உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

ட்ராம் வந்துவிட்டது. ஏறப் போனவனை நிறுத்தி, திரேசம்மா புருஷனின் கொலரைப் புரட்டிக் காட்டினா. புது மை. ஒரு புள்ளி, ஒரு சிலுவை.

“வத்தளை அண்ணே போட்டது. எங்களுக்காக ஒரு தெருவையே விட்டவருக்கு ஒரு வீட்டு உடுப்பாவது நாங்க குடுக்க வேணாமா ஐயா?”

நாளையிலிருந்து என் சட்டைகளும் வத்தளைக்குத்தான்!