புக்கிங் மாஸ்டரின் ஏழாவது யோசனை

மலையடிவாரத்து லாரி ஆபீசில் பதினான்கு வருஷமாக ரசீது எழுதிய புக்கிங் மாஸ்டர் வாழ்நாளில் ஏறியிருந்த அதிகபட்ச உயரம் அந்த ஆபீசின் மொட்டை மாடி. அதனால் என்ன? மலைக்குக் குடிபோகிறவர்களுக்கு அவர்தான் அத்தாரிட்டி. ஒவ்வொரு ரசீதோடும் ‘மலை வாழ்வுக்குப் பதினேழு யோசனைகள்’ என்ற மஞ்சள் காகிதத்தைக் குத்திக் கொடுப்பார். யோசனை ஒன்று: மாடிப்படியில் ஓடி ஏறுங்கள், நுரையீரல் சீக்கிரம் பழகிவிடும். யோசனை ஏழு: குக்கர் வேண்டாம், வீண் கனம், மலைக்காற்றில் எல்லாம் தானே வேகும். கீழே பெயர் போடுவதில்லை. பெரிய மனிதர்கள் விளம்பரத்தை விரும்புவதில்லையே.

நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவிக்கு மலைமேல் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. மாஸ்டரும் கூடவே கிளம்பினார். மூட்டை கட்டும்போது குக்கரைத் தன் கையாலேயே எடுத்து ஒதுக்கிவைத்தார்.

புது வீட்டு வாசலில் இறங்கியதும் மாடிப்படியில் ஓடி ஏறி, முதல் யோசனையைச் செய்து காட்டினார். பன்னிரண்டாவது படியில் உலகம் பம்பரமாகச் சுற்றியது. லாரியில் வந்த பிஸ்கட் பாக்கெட்டுகள் பலூனாக உப்பியிருந்தன. அவர் தலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். காரணமே இல்லாமல் சிரிப்பு வேறு. மனைவி கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

“என்னங்க, நுரையீரல் பழகிடுச்சா?”

“ப... ழ...”

“பேசாம தண்ணியக் குடிங்க. ரெண்டு நாளைக்கு நடக்கறதுகூட மெதுவாத்தான்.”

அப்போது கீழ்வீட்டுத் தையல்காரம்மா இடுப்பில் ஒரு குக்கரோடு ஏறி வந்தார்.

“இந்தாங்கம்மா, உங்ககிட்ட இருக்காது. இங்க தண்ணி சட்டுனு கொதிச்சிடும், ஆனா சூடு பத்தாது. பயறு நாள் முழுக்க கல்லாட்டம் கிடக்கும். கீழ எவனோ மஞ்சக் காகிதம் குடுக்கறான், குக்கர் வேண்டாமாம்! அதை நம்பி வந்த எங்களுக்குக் குக்கர் வந்துசேர ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல்லு போச்சு. தெருவே பட்டிருக்கு. அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

மாஸ்டர் மனைவியைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார். வாயைத் திறந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஓடலாமென்றால் மூச்சு இல்லை.

மனைவி மெத்தைச் சுருளை அவிழ்த்தார். உள்ளேயிருந்து கடகடவென்று உருண்டு வந்தது, ஒதுக்கிவைத்த அதே குக்கர்.

“அட! நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?”

“எங்க வீட்டுக்காரர் சொல்ற யோசனை எதையும் நான் கேக்கறதே இல்லீங்க.”

தையல்காரம்மாவின் பார்வை மெல்லத் திரும்பி மாஸ்டரின் சட்டைப் பையில் நின்றது. மஞ்சளாக ஒரு கட்டு எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டதோ சிரிப்பு. தையல்காரம்மா சிரித்தார், மனைவி சிரித்தார், மூச்சு முட்டி இருவரும் தரையில் உட்கார்ந்து மறுபடி சிரித்தார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது: “இனிமே எந்த லாரி வந்தாலும், புதுசா வர்றவங்களுக்கு இந்தக் குக்கரைத் தூக்கிட்டுப் போறது நீங்கதான், அண்ணே!”

கீழே ஆபீசில் அவர் விட்டுவந்த மஞ்சள் காகிதக் கட்டு இன்னும் தீரவில்லை. இன்றைக்கும் அவர்தான் தூக்கிப் போகிறார். எத்தனை படியானாலும் நடுவில் மூன்று முறை உட்கார்ந்துதான். வாசலில் நின்று, “அந்தக் காகிதத்துல... ஏழாவதை... அடிச்சிடுங்க” என்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. மற்ற பதினாறைப் பற்றிச் சொல்ல அவருக்கு இன்னும் மூச்சு வரவில்லை.